பேரமும் பத்திரமும்
(வர்த்தகர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



வக்கீல் என்ற மாத்திரத்தில் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர், கறுப்பு அங்கியும் வெண்ணிறக் கழுத்துப்பட்டையும் தரித்து, நீதிபதியின் எதிரே எழுந்து நின்று, எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் திக்குமுக்காடச் செய்யும் ஒருவரே ஆவார். நாடகமும் சினிமாவும் போட்டி போட்டுக்கொண்டு வளர்த்த இந்தச் சித்திரத்தைக் குறைகூற நான் வரவில்லை. அதில் உண்மையும் உண்டு, என் தொழிலில் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. ஆயினும் கம்பெனிகளும் வங்கிகளும் இந்நாளில் வக்கீல்களுக்குச் செலுத்தும் கட்டணத்தில் கணிசமான ஒரு பங்கு, நியாயஸ்தலத்தின் படியை ஒருநாளும் மிதிக்காத வேலைக்கே போகிறது என்பதை வெளியார் அவ்வளவாக அறிவதில்லை. ஒப்பந்தம் எழுதுவது, எழுதியதைத் திருத்துவது, திருத்தியதன் பேரில் எதிர்த்தரப்பாரோடு நள்ளிரவு வரை மல்லுக்கட்டுவது, நிலத்தின் பாத்தியதையைத் தேடிப் பார்ப்பது ஆகிய காரியங்கள் அடங்கிய அந்த வேலையைப் பற்றியும், நம் தேசத்தின் வர்த்தகம் வளர வளர அது யாருக்குத் தாராளமாகக் கிடைக்கிறது, யாருக்கு எட்டாமல் போகிறது என்பதைப் பற்றியும் இன்று சற்று விஸ்தாரமாகப் பேச விரும்புகிறேன்.

இந்த வேலை புதியதன்று. ஆங்கிலேயர் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய ராஜதானி நகரங்களில் ஏற்படுத்திய நியாயஸ்தலங்கள் லண்டன் வழக்கத்தை ஒட்டி அமைந்தவையாதலால், கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரங்களைத் தயாரிக்கும் அட்டர்னி ஒருவரும், மன்றத்தில் எழுந்து வாதிக்கும் பாரிஸ்டர் வேறொருவருமாகத் தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது. சென்னையில் இவ்விரு வகையிலும் சேராத ‘வக்கீல்’ வகுப்பாரும் உயர்நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் நுழைய இடம் பெற்றுவிட்டபடியால் இந்தப் பிரிவினை இங்கே அவ்வளவு இறுகவில்லை. பம்பாயிலோ அது நன்றாக வேரூன்றி, 1830-ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொண்டாடும் கிராஃபர்ட் பெய்லி போன்ற சொலிசிட்டர் ஸ்தாபனங்களை வளர்த்துவிட்டது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், தேசம் முழுவதற்கும் ‘அட்வகேட்’ என்ற ஒரே இனத்தை நிர்மாணித்தது. 1976-இல் வந்த திருத்தம் அட்டர்னி என்ற தனி ஜாதியையும் கலைத்துவிட்டது. ஒரு சுதந்திர நாடு தன் வக்கீல்களை ஒரே வரிசையில் நிறுத்த விரும்பியது நியாயமே. ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் மனத்தில் கொண்டிருந்த வக்கீல், பெரும்பாலும் அந்தச் சினிமா வக்கீல்தான் என்பது அதன் ஏற்பாடுகளை வாசிப்பவர்க்குப் புலப்படாமல் போகாது.

அன்று அதனால் பெரிய நஷ்டம் ஏதும் விளையவில்லை. ஏனெனில் அந்நாளில் வர்த்தகம் ஒப்பந்தத்தால் நடக்கவில்லை, அனுமதியால் நடந்தது. தொழிற்சாலை தொடங்க லைசென்சு, யந்திரம் வரவழைக்க லைசென்சு, பங்குகளை என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதற்கு டில்லியில் ஓர் அதிகாரி, அந்நியர் கையில் பொதுவாக 40 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கலாகாது என்று 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம், என்றிவ்வாறு எல்லாக் கதவுகளின் சாவியும் அரசாங்கத்திடம் இருந்தபோது, இரண்டு வியாபாரிகள் தமக்குள் எத்தனை அழகாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டாலும் அதன் மதிப்பு, டில்லியிலிருந்து வரும் ஒரு கடிதத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 1991 ஜூலை 24-ஆம் தேதி வெளியான தொழிற்கொள்கையும் அதே நாளில் தாக்கலான வரவுசெலவுத் திட்டமும் இந்த நிலையைத் தலைகீழாக மாற்றின. அரசாங்கம் விலகிய இடத்தில் ஒப்பந்தம் வந்து உட்கார்ந்தது. கூட்டுத் தொழிலில் இறங்கும் இரு கம்பெனிகள், நாளை மனஸ்தாபம் ஏற்பட்டால் யார் யாருடைய பங்கை எந்த விலைக்கு வாங்குவது என்பதைத் தாமே தீர்மானித்துத் தாமே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. இருநூறு பக்கம் உள்ள உடன்படிக்கைகள் நம் தேசத்தில் சகஜமானது அதற்குப் பிறகுதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணத்தை அருகில் வைத்துக் காட்டுகிறேன். ஒரகடத்திலோ ஹோசூரிலோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, ஆலை அமைக்கத் தனியாரிடமிருந்து நிலம் வாங்க முனைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலம் ஒரே நிலமன்று. முப்பது நாற்பது சர்வே எண்களாகச் சிதறிக் கிடப்பது. ஒவ்வொன்றுக்கும் தாய்ப்பத்திரம் எது, அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரையில் சங்கிலி அறுபடாமல் வருகிறதா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதும் தொங்குகிறதா, பட்டாவிலுள்ள பெயரும் பத்திரத்திலுள்ள பெயரும் ஒன்றுதானா, தகப்பனார் காலமானபோது வாரிசுச் சான்றில் மகள்களின் பெயர் விடுபட்டதா, மைனர் சொத்தை நியாயஸ்தலத்தின் அனுமதியின்றி விற்றிருக்கிறார்களா, பவர் கொடுத்தவர் இறந்த பிற்பாடு பவர் ஏஜெண்டு கையெழுத்திட்டிருக்கிறாரா என்பவற்றையெல்லாம், சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசிலும் தாலுகா ஆபீசிலும் மாறி மாறி நின்று பார்ப்பவர், பெரும்பாலும் அந்த ஊரிலேயே இருபது ஆண்டு தொழில் செய்த ஒரு வக்கீலும் அவருடைய குமாஸ்தாவுமே. அவர்கள் எழுதிக் கொடுக்கும் அபிப்பிராயம் சென்னைக்கு வருகிறது. அங்கே ஓர் இளைஞர் அதை ஆங்கிலத்தில் செம்மைப்படுத்துகிறார். அது பம்பாய்க்கோ டில்லிக்கோ போய் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் முத்திரையைப் பெறுகிறது. அங்கிருந்து லண்டனுக்கோ டோக்கியோவுக்கோ பறக்கிறது. இந்த நெடும் பிரயாணத்தில் ஒவ்வொரு தங்குமிடத்திலும் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் அந்த விட்டுப்போன மகளின் பெயரைக் கண்டுபிடித்த குமாஸ்தாவுக்கு அதில் எவ்வளவு சேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சந்தை என்று சொல்கிறோமே, அதன் விசித்திரங்களில் இது ஒன்று.

இத்தகைய வேலைக்குப் பல வக்கீல்கள் ஒன்றுசேர்ந்து இயங்கும் ஸ்தாபனம் தேவை. நம் சட்டமோ நெடுங்காலம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, கூட்டு வியாபாரத்தில் 20 பேருக்கு மேல் பங்காளிகளாக இருக்கலாகாது என்று விதித்திருந்தது. நகைக்கடைக்கும் மளிகை மண்டிக்கும் வைத்த அந்த அளவுகோல் வக்கீல்களுக்கும் அப்படியே பொருந்தியது. 2008-ஆம் ஆண்டில் வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மைச் சட்டம் வந்த பிறகே அந்த விலங்கு கழன்றது. 1917-இல் பம்பாயில் தோன்றிய அமர்சந்த் ஸ்தாபனம், சகோதரர் இருவருக்கிடையே ஏற்பட்ட பிரிவினையால் 2015-இல் இரண்டாகப் பிளந்தபோது, அவ்விரு பாதிகளும் தனித்தனியே தேசத்தின் முன்வரிசையில் நின்றன என்பதிலிருந்து, பெரிய ஸ்தாபனங்கள் நம் நாட்டில் எந்த அளவு வளர்ந்துவிட்டன என்பதையும், அவற்றில் பல இன்னும் குடும்பச் சொத்தின் இயல்பை விடவில்லை என்பதையும் ஒருங்கே காணலாம்.

பார் கவுன்சிலின் 36-ஆம் விதியையும் இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். வக்கீல் தமக்காக விளம்பரம் செய்யலாகாது, வேலை தேடிப் போகலாகாது, பெயர்ப்பலகைகூட நியாயமான அளவுக்கு மேற்படலாகாது. 2008-இல் ஒரு சலுகை கிடைத்தது: பெயர், விலாசம், தொலைபேசி எண், பதிவு எண், படிப்பு, தொழில் செய்யும் துறை ஆகியவற்றை இணையதளத்தில் இடலாம். வக்கீல் தொழில் வியாபாரமன்று என்ற கண்ணியமான கொள்கை இதன் அடியில் இருக்கிறது. அதை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் இதன் விளைவாக, பம்பாயில் ஒரு பெரிய ஸ்தாபனத்தைத் தேடும் பன்னாட்டுக் கம்பெனிக்கு அதன் விவரங்கள் எளிதில் கிடைக்கின்றன. கரூரில் திரைச்சீலை நெய்து ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு, ஏற்றுமதி ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த வக்கீல் தம் ஜில்லாவில் யார் என்று அறிய வழியில்லை. மைத்துனர் சொன்னார், ஆடிட்டர் சொன்னார் என்றுதான் அவர் போக வேண்டியிருக்கிறது.

இனி, இத்தொழிலில் மிகுந்த கூச்சலை எழுப்பிய விஷயத்துக்கு வருகிறேன். பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட சில ஆண்டுகளுக்குள் ஒயிட் அண்ட் கேஸ், சாட்போர்ன் அண்ட் பார்க், ஆஷர்ஸ்ட் என்ற மூன்று அந்நிய ஸ்தாபனங்கள், ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு தொடர்பு அலுவலகங்களை இங்கே திறந்தன. அதை எதிர்த்து 1995-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, 2009 டிசம்பரில்தான் முடிந்தது. தீர்ப்பு வருவதற்குள் வழக்கின் காரணமே கிழடு தட்டிவிட்டது. கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வதும் பத்திரம் எழுதுவதும்கூட ‘சட்டத்தொழில் செய்வது’ ஆகும், ஆகவே இங்கே பதிவு செய்யாத அந்நியர் அதையும் செய்யலாகாது என்று அந்த மன்றம் கூறிற்று. சென்னையில் பாலாஜி என்பவர் 31 அந்நிய ஸ்தாபனங்களைப் பிரதிவாதிகளாகச் சேர்த்துத் தொடுத்த வழக்கில், 2012 பிப்ரவரியில் நம் உயர்நீதிமன்றம், அந்நிய வக்கீல்கள் தம் தேசத்துச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லத் தற்காலிகமாக வந்து போகலாம் என்று சிறிது கதவைத் திறந்துவிட்டது. 2018 மார்ச் 13-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இரண்டையும் சீர்தூக்கி, எப்போதாவது வந்து போவது குற்றமில்லை, அடிக்கடி வந்தால் அது தொழில் நடத்துவதே ஆகும் என்றது. அடிக்கடி என்றால் எத்தனை முறை என்று விமானக் கம்பெனிக்காரர்தான் கேட்க வேண்டும் என்று அப்போது ஒரு நண்பர் சொன்னதுண்டு. பின்னர் 2023-இல் பார் கவுன்சிலே, தம் நாட்டில் நம் வக்கீல்களுக்கு இடங்கொடுக்கும் தேசத்தாருக்கு, வழக்கு மன்றம் சாராத வேலைகளுக்கு மட்டும், பதிவு அளிக்கும் விதிகளை வெளியிட்டது. 2025-இல் அவற்றைத் திருத்தியமைத்தது.

இந்த விவாதத்தை முதலிலிருந்து கவனித்து வந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்நியர் வந்தால் நம் வக்கீல்கள் பிழைக்க முடியாது என்ற வாதமும், அந்நியர் வராவிட்டால் நம் தேசத்தில் மூலதனமே வராது என்ற வாதமும் ஒன்றுக்கொன்று சளைக்காத மிகையுரைகள். அந்நியர் எப்போதும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். லண்டனிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு இந்தியக் கடன் பத்திரங்களை எழுதினார்கள். நம் கம்பெனிகளின் மத்தியஸ்த வழக்குகள் சிங்கப்பூரில் நடந்தன, இன்றும் நடக்கின்றன. மறுபுறத்தில், அமெரிக்க வழக்குகளின் தஸ்தாவேஜுகளை இரவெல்லாம் படித்து வகைப்படுத்தும் வேலை, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து ஏராளமான சட்டப் பட்டதாரிகளுக்குச் சோறு போட்டது. இருபத்தைந்து ஆண்டுக் காலம் வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று வழக்காடிய நாம், வீட்டினுள்ளே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு இலை போடவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. என் மனக்குறை அதுதான்.

மேல்தட்டுக்கு இலை குறைவின்றிப் போடப்பட்டது. உலக வங்கி, தொழில் நடத்தும் எளிமை பற்றிய தன் ஆண்டறிக்கையில், இந்தியாவில் ஓர் ஒப்பந்தத்தை நியாயஸ்தலத்தின் மூலம் நிறைவேற்றிக்கொள்ள 1,445 நாள் ஆகிறது என்று எழுதியது. (டில்லியையும் பம்பாயையும் மட்டும் அளந்த அந்தக் கணக்கு, கடைசியில் அறிக்கையின் புள்ளிவிவரங்களிலேயே கோளாறு இருப்பதாகச் சொல்லி 2021-இல் நிறுத்தப்பட்டது என்பது வேறு கதை.) இத்தகைய தாமதத்தைக் குறைக்கவென்று 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் பிறந்தது; எதிர்வழக்குரையை 120 நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும் என்ற கண்டிப்பு வந்தது. 2016-இல் நொடிப்புச் சட்டத் தொகுப்பு வந்தது. அதன் கீழ் 2017 ஆகஸ்டில் தொடங்கிய எஸ்ஸார் ஸ்டீல் கம்பெனியின் நொடிப்பு விவகாரம், அப்போது சட்டம் வைத்திருந்த 270 நாள் கெடுவைத் தாண்டி, சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறி, 2019 டிசம்பரில் ஏறத்தாழ 42,000 கோடி ரூபாய் கைமாறியதோடு முடிந்தது. இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆயிற்று என்று குறைகூறலாம். அதற்கு முன்னர் இருந்த நடைமுறையில் அது இரண்டு தலைமுறைக்குச் சென்றிருக்கும் என்று பதிலும் சொல்லலாம். எப்படியாயினும், கடன் கொடுத்தவர்கள், ஏலதாரர்கள், பழைய உரிமையாளர்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வக்கீல் பட்டாளம் என்று, அந்த ஒரு விவகாரம் தாங்கிய சட்டச் செலவு கொஞ்சநஞ்சமன்று.

சரி, இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு இவற்றால் நேர்ந்த பிரயோசனம் என்ன? வருஷத்துக்கு இரண்டு கோடி, ஐந்து கோடி என்று புரட்டும் நூல் வியாபாரி, அட்டைப்பெட்டி செய்பவர், பம்பு உதிரி பாகம் வார்ப்பவர் ஆகியோர் வக்கீலை முதன்முதலாகச் சந்திப்பது எந்தச் சந்தர்ப்பத்தில்? ஒப்பந்தம் எழுதும்போதன்று, அநேகமாக ஒப்பந்தமே எழுதுவதில்லை. போனில் ஆர்டர், சரக்கு லாரியில், பில் வாட்ஸப்பில், ஜாமீனாகத் தொகை நிரப்பாத ஒரு செக்கு. அந்தச் செக்கு ‘பணம் போதவில்லை’ என்ற சீட்டோடு வங்கியிலிருந்து திரும்பி வரும் அன்றுதான் வக்கீல் வீட்டு வாசற்படி ஞாபகத்துக்கு வருகிறது. அவரும், சீட்டு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் புகார் என்று, கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவைக் கையில் எடுக்கிறார். 1989 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த இந்தப் பிரிவே நம் நடுத்தர வியாபாரிக்குக் கிட்டிய முழு வர்த்தகச் சட்டம் என்று சொன்னால் அது மிகையாகாது. சிவில் வியாஜ்யம் நடக்காது என்று தெரிந்தவர், கடன்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாவது வசூலிக்கலாம் என்று நினைக்கிறார். எல்லாரும் அப்படியே நினைத்ததன் பலன், 2019-ஆம் ஆண்டின் இறுதியில் தேசமெங்கும் இத்தகைய வழக்குகள் சுமார் 35 லட்சம் தேங்கிக் கிடந்ததாகச் சுப்ரீம் கோர்ட்டின் முன் கணக்கு வந்தது. சமன் சார்வாகவில்லை, வாரண்டு நிறைவேறவில்லை, எதிரி வெளியூர் போயிருக்கிறார் என்று வாய்தா மேல் வாய்தாவாக அது போகிற போக்கை நீங்களே அநுபவத்தில் அறிவீர்கள்.

வேறு பரிகாரம் இல்லாமலில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், குறுந்தொழில் நடத்துவோரிடமும் சிறுதொழில் நடத்துவோரிடமும் சரக்கு வாங்கியவர், எழுத்தில் எத்தனை நாள் தவணை பேசிக்கொண்டாலும், 45 நாளுக்குள் பணம் செலுத்தியாக வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டும் கூட்டு வட்டி. இதற்கான வசூல் மன்றங்கள் சென்னை, கோவை, திருச்சி, மதுரை நகரங்களில் உள்ளன. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து மேலே போக விரும்புகிறவர் தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகக் கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வருமானவரிச் சட்டமும் இதோடு கைகோத்து, அந்தக் கெடுவுக்குள் கொடுபடாத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்றுவிட்டது. இவ்வளவு கூர்மையான ஆயுதம் கையில் இருந்தும் அதை எடுப்பவர் சொற்பமாக இருப்பது ஏன்? கேட்டால், “கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் போயிடும், சார்” என்கிறார்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு பெரிய கம்பெனியை நம்பி லேத்துப் பட்டறை நடத்துகிறவர், வட்டியைக் கணக்குப் பார்த்துச் செய்யும் முடிவுதான் அது. அன்றியும் ஏற்றுமதியாளருக்கு இந்தச் சட்டம் கை கொடுப்பதில்லை. அவர் கையில் இருப்பது, வெளிநாட்டு வியாபாரி அனுப்பிய ஆர்டர் காகிதம். அதன் முன்பக்கத்தில் உள்ள விலையையும் தேதியையும் பத்துத் தரம் படிப்பவர், பின்பக்கத்தில் பொடியெழுத்தில் உள்ள ஒரு வாசகத்தைப் படிப்பதில்லை. தகராறு எழுந்தால் நியூயார்க்கில் மத்தியஸ்தம், அந்த மாகாணத்துச் சட்டமே பிரமாணம் என்று அது சொல்கிறது. பத்து லட்ச ரூபாய்ச் சரக்கைத் தரமில்லை என்று அந்தப் பக்கத்தார் நிராகரித்துவிட்டால், நியூயார்க்கில் வாதாட அதைவிட அதிகம் செலவாகும். அங்கே போகாமலே தீர்ப்பு இவருக்கு விரோதமாக வந்துவிட்டால், அது இங்குள்ள நியாயஸ்தலத்தின் மூலம் நிறைவேறவும் கூடும்.

அந்த வாசகத்தை முன்கூட்டியே ஒரு வக்கீல் வாசித்திருந்தால் அரை மணி நேர வேலை. மத்தியஸ்தம் சென்னையில் என்றோ, தகராறு சிறியதாயின் எழுத்துமூல விசாரணை மட்டும் என்றோ ஒரு வரி மாற்றச் சொல்லியிருக்கலாம். வாங்குபவர் ஒப்பாவிட்டால், முன்பணத்தையாவது சற்று உயர்த்திக் கேட்டிருக்கலாம். அந்த அரை மணிக்கு என்ன கட்டணம் என்று நமக்கு ஒரு பழக்கம் ஏற்படவில்லை. வக்கீல், வழக்கு வந்தால் பத்து ஆண்டு வருமானம் என்று பழகியிருக்கிறார். வியாபாரி, காகிதத்தைப் படித்துப் பார்ப்பதற்கெல்லாமா பணம் என்று பழகியிருக்கிறார். இரண்டு தரப்பிலும் குற்றம் இருக்கிறது. என் தரப்பில் கொஞ்சம் அதிகம் என்றே ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனெனில் கட்டணத்தை முன்கூட்டி இன்ன வேலைக்கு இவ்வளவு என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

ஆகவே இச்சங்கத்தின் நிர்வாகிகளிடம் ஒரு விக்ஞாபனம். உள்ளூர் வியாபாரத்துக்கு ஒன்றும் ஏற்றுமதிக்கு ஒன்றுமாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு மாதிரி ஒப்பந்தங்களைச் சங்கத்தின் பெயரிலேயே அச்சிட்டு அங்கத்தினருக்குக் கொடுங்கள். எந்த வக்கீலின் பெயரும் அதில் வராதபடியால் 36-ஆம் விதிக்கு அது விரோதமாகாது. எழுதித் தர நானும் என் சகாக்கள் மூவரும் கட்டணமின்றி முன்வருகிறோம். தவணை நாள், வட்டி விகிதம், தகராறு எழுந்தால் விசாரணை நடக்க வேண்டிய ஊர் ஆகிய மூன்று இடங்களையும் காலியாக விட்டே கொடுப்போம். அவற்றை நிரப்பாமல் யாரும் சரக்கு ஏற்ற வேண்டாம்.